வெள்ளை அட்டைக் கூண்டுகள்

அசையாதீர்கள், உங்களுக்குக் காதுப் பக்கம் வழிகிறது. இந்தப் பெண்களுக்கு டை தடவவே தெரியவில்லை. சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல் அடித்துவிட்டு உள்ளே டீ குடிக்கப் போய்விட்டார்கள். நாற்பது நிமிஷமாம். நாற்பது நிமிஷமும் இந்தப் பிளாஸ்டிக் துண்டைப் போர்த்திக்கொண்டு மொட்டைக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். டிவியும் வேலை செய்யவில்லை. பேசுவோம், வேறென்ன செய்ய.

எனக்குச் சாயங்காலம் ஒரு விழா. என் வீட்டுக்காரருக்கு விருது கொடுக்கிறார்கள். பேராசிரியர் குமாரவேலு. பேப்பரில் பார்த்திருப்பீர்களே? பார்க்கவில்லையா? பரவாயில்லை, ஆறாம் பக்கத்தில் நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழேதான் போட்டிருந்தார்கள். புற்றுக்கட்டியைச் சுருக்குகிற மருந்து ஒன்று கண்டுபிடித்திருக்கிறார். உடனே திரும்பிவிட்டீர்கள் பாருங்கள்! மனிதருக்கு இல்லை. எலிக்கு. இப்போதைக்கு எலிக்குத்தான். யாருக்கு, உங்கள் மாமியாருக்கா? அடடா. வயது? எண்பத்திரண்டா? எண்பத்திரண்டு என்றால் அப்புறம் என்ன, நடக்கிறபடி நடக்கட்டும் என்று விடுங்கள்.

அந்த மருந்தில் எனக்கும் பங்கு உண்டு. மேடையில் சொல்ல மாட்டார்கள். பொன்னாடை அவருக்கு, பூங்கொத்து அவருக்கு, முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டுவது எனக்கு. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரோ, நான் யாரோ. தலையைக் கழுவிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போகப் போகிறோம்.

எங்கள் கல்லூரியில் பி.எச்.டி. படிப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. கைடு என்று ஒருவர் இருப்பார். அவர் கையெழுத்துப் போட்டால் நீங்கள் டாக்டர். போடாவிட்டால் ஐந்து வருஷமும் ஆற்றோடு போச்சு. அதனால் பிள்ளைகள் கைடு வீட்டு வேலையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளும். கேஸ் புக் பண்ணும், விருந்தாளியை ஸ்டேஷனில் போய்க் கூட்டிவரும், ரேஷன் கடையில் நிற்கும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, வழிவழியாக வருவது. என் வீட்டுக்காரரே அந்தக் காலத்தில் தன் கைடு வீட்டு நாயை ஊசி போடக் கூட்டிப்போனவர்தான். நாய் இவரைக் கடித்துவிட்டது. தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டது இவர்.

அப்படி எங்கள் வீட்டுக்கு வந்தவள்தான் இளவரசி. பேரைப் பாருங்கள். அப்பா கள்ளக்குறிச்சிப் பக்கம் ஏதோ பேரூராட்சியில் தெருக்குழாய்க்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர். அந்த மனிதருக்கு இளவரசி என்று பேர் வைக்கிற ஆசை. பார்த்தால் ஒரு காற்றுக்குத் தாங்க மாட்டாள். பத்து வார்த்தை பேசினால் அதில் எட்டு ‘சரிங்க மேடம்’. அந்த ‘சரிங்க மேடம்’ இருக்கிறதே, கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல் வரும். மறுத்துப் பேசுகிறவளைக்கூடச் சமாளிக்கலாம், எல்லாவற்றுக்கும் சரி என்கிறவள் மனசில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

வேலைக்கு நல்ல கை. அதைச் சொல்லாமலிருந்தால் பாவம். ஒப்புட்டு, அதுதான் போளி, தட்டச் சொன்னால் அடியில் இலை தெரிகிற மெல்லிசாகத் தட்டுவாள். ஆனால் எலியைத் தொடுகிற கை, அதனால் சாப்பாட்டுக்கு அவளுக்கென்று ஒரு தட்டும் தம்ளரும் பின்பக்கம் தனியாக வைத்திருந்தேன். சுத்தம்தானே முக்கியம்? என் வீட்டுக்காரரும் எலியைத் தொடுகிறவர்தானே என்று கேட்கிறீர்கள். அவர் எங்கே தொடுகிறார்? அவர் கைடு.

மருந்தைப் பிரித்தெடுத்தது அவள்தான். ஏதோ வேலிக்கொடி, அதன் வேரை இடித்து, ஊறவைத்து, காய்ச்சி, மூன்று வருஷம் முட்டி மோதி ஒரு மஞ்சள் பொடி எடுத்தாள். அதற்கு இவர் தன் பேரின் முதலெழுத்துகளையே வைத்தார், கே.வி. பதினொன்று என்று. எலிகளுக்குத் தொடையில் புற்று அணுவை ஊசியால் ஏற்றிவிடுவார்கள். பத்து நாளில் சுண்டைக்காய் மாதிரி கட்டி கிளம்பும். அதற்கப்புறம் பாதி எலிகளுக்குப் பொடி கலந்த தண்ணீர், பாதிக்கு வெறும் தண்ணீர். நடுநடுவே கட்டியை அளந்து குறித்துக்கொள்வார்கள், இருபத்தொன்றாம் நாள் இரண்டு பக்கமும் வெர்னியர் என்கிற அளவுகோலை வைத்துக் கடைசியாக அளப்பார்கள். மருந்து குடித்த எலிக்குக் கட்டி சுருங்கி, வெறும் தண்ணீர் குடித்த எலிக்குக் கட்டி பெருத்திருந்தால் மருந்து பாஸ். அவ்வளவுதான் விஞ்ஞானம். இதற்கா ஐந்து வருஷம் என்று நான் இவரிடமே கேட்டிருக்கிறேன்.

சின்ன அளவில் ஒருதரம் செய்து பார்த்தபோது நன்றாக வந்ததாம். பெரிய அளவில் ஒருதரம் செய்து காட்ட வேண்டும், அதுதான் அவள் படிப்புக்குக் கடைசிப் படி. ஜூன் முப்பதோடு அவளுக்குப் பதிவுக் காலம் முடிகிறது. உதவித்தொகை அதற்கு முன்னாலேயே நின்றுபோச்சு. இந்த எலிகள் சொன்னபடி கேட்டால் டாக்டர் இளவரசி. கேட்காவிட்டால் வெறும் இளவரசி. அந்தப் பயத்தில் தினமும் காலையில் போய் ஒவ்வொரு கூண்டாக எட்டிப் பார்த்துவிட்டுத்தான் என் வீட்டுக்குக் காய் நறுக்க வருவாள்.

போன வருஷம் தைப்பூசம், எலிகளுக்கு மருந்து கொடுக்க ஆரம்பித்து ஆறேழு நாள்தான் ஆகியிருக்கும். அந்தச் சமயத்தில்தான் என் பெண் நிவேதிதாவுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் திருப்பூர், பனியன் ஏற்றுமதி. ‘வெளியில சமையலுக்குச் சொல்ல வேண்டாமுங்க, வீட்டுப் பலகாரமா இருந்தாப் போதும்’ என்று அந்தச் சம்பந்தியம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இருநூறு ஒப்புட்டு, எண்ணெயில் பொரிக்கிற வெல்லக் கச்சாயம் முந்நூறு, முறுக்கு வேறு. என் வேலைக்காரி பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பிவிட்டாள். அனிமல் ஹவுஸில் கூண்டு கழுவுகிற மாரப்பனும் காவியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். எங்கள் பக்கம் தைப்பூசம் வந்தால் முருகனைத் தவிர யாரையும் வேலைக்குக் கூப்பிட முடியாது. ஒன்பது நாள். எனக்கு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்? இளவரசிதான்.

அவள் முதல் நாளே கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

‘மேடம், மாரப்பன் அண்ணனும் இல்ல. காலைல ஒரு அரை மணி நேரம் போயி எலிக்குத் தண்ணி மாத்தி வச்சுட்டு ஓடியாந்துடறேன்.’

‘எலியத் தொட்டுட்டு வந்து ஒப்புட்டு மாவத் தொடுவியா?’

‘குளிச்சுட்டு வரேன் மேடம்.’

‘எத்தனை தரம் குளிப்ப? போன வாரம் வந்தப்பவே தலைமுடியில அந்த நாத்தம். சம்பந்தி வீட்டு ஆளுங்க வரப்போக இருப்பாங்க, அவங்க மூக்குல ஏறினா என் பொண்ணு கதி என்னாகறது?’

இவர் ஹாலில்தான் இருந்தார். பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. ‘ஒம்பது நாள்தானம்மா. தண்ணி ஊத்தறதுதான, யாரு ஊத்தினா என்ன? ரெஜிஸ்டர்ல கையெழுத்து மட்டும் நீ போட்டுரு.’

யார் ஊற்றுவது? இவரா? இவருக்குக் குடிக்கிற தண்ணீரையே நான் ஊற்றிக் கொடுக்க வேண்டும். எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து அனிமல் ஹவுஸ் ஐந்து நிமிஷ நடை. தினமும் காலையில் அந்த வழியாகத்தான் வாக்கிங் போகிறேன். குளிப்பதற்கு முன்னால் ஒரு எட்டு உள்ளே போய்விட்டு வந்தால் ஆச்சு. ‘நானே ஊத்தறேன். எலிக்குத் தண்ணி காட்டறதுக்குப் பி.எச்.டி. வேணுமா?’ என்று சாவியை வாங்கிக்கொண்டேன். என்னைவிட்டால் யார் செய்திருப்பார்கள்? ஒரு கைடு மனைவி, டபுள் எம்.ஏ., எலிக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறேன் என்கிறேன். அவள் முகத்தில் ஒரு நன்றி வேண்டாமா? கலங்கிப்போய்ப் பார்க்கிறாள்.

‘மேடம், மன்னிச்சுக்கோங்க, ஒண்ணே ஒண்ணு. ரெண்டு கேன் கலந்து வச்சிருக்கேன். மஞ்சத் தண்ணி சிவப்பு அட்டைக் கூண்டுக்கு. வெறுந்தண்ணி வெள்ளை அட்டைக் கூண்டுக்கு. மாறிடக் கூடாது மேடம்.’

‘எனக்கு நிறம் தெரியாதாக்கும்?’

‘இல்லீங்க மேடம். சரிங்க மேடம்.’

மறுநாள் காலை போனேன். உங்களுக்கு எலி பிடிக்குமா? எனக்குப் பிடிக்காது. ஆனால் அதுகள் வெள்ளை எலி, பஞ்சு மாதிரி, கண் சிவப்பாக மணி மாதிரி. பன்னிரண்டு கூண்டு. சிவப்பு அட்டை ஆறு, வெள்ளை அட்டை ஆறு. சிவப்பு அட்டைக்காரர்கள் ஓடியாடிக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளை அட்டைப் பக்கம் போனால் என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு எலி, தொடையில் கட்டி தொங்குகிறது, பின்னங்காலை இழுத்து இழுத்து வந்து அந்தக் குழாயை நக்குகிறது. என்ன வருகிறது அதில்? வெறும் தண்ணீர். பக்கத்துக் கூண்டில் மருந்து. இதற்குப் பேர் என்ன? ஒரே பந்தியில் உட்காரவைத்து ஒருத்தனுக்கு நெய்யை ஊற்றி, அடுத்த இலைக்காரனுக்கு வெறுஞ்சோற்றைப் போடுவது. பந்தி வஞ்சனை! எங்கள் வீட்டில் எந்த விசேஷத்திலும் அந்தப் பேச்சு வந்ததில்லை. என் கையால் அந்தப் பாவத்தைச் செய்வேனா?

சரி, எல்லாவற்றுக்கும் மருந்து. ஆனால் மஞ்சள் தண்ணீர் ஒரு கேன்தான். ஆறு கூண்டுக்குக் கலந்ததைப் பன்னிரண்டு கூண்டுக்கு ஊற்றினால் ஐந்தாம் நாள் கேன் காலியாகும், அவள் வந்து மூக்கால் அழுவாள். பத்துப் பேருக்கு வைத்த ரசத்தை இருபது பேர் வந்தால் என்ன செய்வீர்கள்? இதெல்லாம் நமக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? ஒரு வாளியை எடுத்தேன். மஞ்சள் பாதி, வெறும் தண்ணீர் பாதி, கலக்கினேன், பன்னிரண்டு பாட்டிலுக்கும் ஒன்றுபோல ஊற்றினேன். ஒன்பது நாளும் அப்படித்தான். கடைசி நாள் இரண்டு கேனும் ஒன்றுபோலக் காலி. வெள்ளை அட்டை எலி ஒன்று ஆறாம் நாளே காலை ஊன்றி நின்றது தெரியுமா? எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜீவகாருண்யம் என்பது ரத்தத்தில் இருக்க வேண்டும்.

அன்றைக்கு மத்தியானம் அந்தச் சந்தோஷத்தோடு சமையலறையை எட்டிப் பார்த்தால் மணி மூன்று ஆகியும் இளவரசி சாப்பிடாமல் கச்சாயம் பொரித்துக்கொண்டிருக்கிறாள். சம்பந்தி வீட்டிலிருந்து எட்டுப் பேர் திடீரென்று வந்து சாப்பிட்டுவிட்டுப் போனதில் குழம்பு தீர்ந்திருந்தது. ‘மோர் இருக்கு பாரு புள்ள, பிசைஞ்சு சாப்பிடு, இப்படிச் சாப்பிடாம கெடந்து மயக்கம் போட்டு விழுந்தா எனக்குத்தான் கெட்ட பேரு’ என்று நானே சொன்னேன். சாப்பிட உட்காரும்போதும் அவளுக்கு அதே பேச்சு. ‘மேடம், தண்ணி...’ ‘ஊத்தியாச்சு, போ’ என்றேன். தினமும் கேட்பாள். தினமும் ஊத்தியாச்சு போ. நான் ஊற்றியது பொய்யா?

நிச்சயம் ஜாம்ஜாம் என்று நடந்தது. ஒப்புட்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு சம்பந்தியம்மா, ‘ஆரு கைப்பக்குவமுங்க?’ என்றாள். ‘எல்லாம் நம்ம கைதானுங்க’ என்றேன். இளவரசி பின்னால் நின்று இலை அடுக்கிக்கொண்டிருந்தாள். சிரித்தாளா, முகத்தைச் சுளித்தாளா, நான் பார்க்கவில்லை.

மாரப்பன் மொட்டைத் தலையோடு திரும்பி வந்தான், கூண்டு கழுவினான், அவள் கட்டிகளை அளந்து குறித்துவிட்டுப் பழையபடி தானே தண்ணீர் வைக்க ஆரம்பித்தாள். இருபத்தொன்றாம் நாள் அளந்தார்கள். மருந்து குடித்த வரிசைக்கும் குடிக்காத வரிசைக்கும் பெரிய வித்தியாசமே இல்லை! இவர் வீட்டுக்கு வந்து செருப்பை ஒரு மூலையில் விசிறினார். மருந்து வேலை செய்யவில்லை, இல்லாவிட்டால் அந்தப் பெண் எதையோ சொதப்பிவிட்டாள் என்றார். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆபீஸ் விஷயத்தில் நான் தலையிடுவதில்லை, அது எங்கள் கல்யாணமான நாளிலிருந்து உள்ள வழக்கம்.

அளந்து முடித்ததும் எலிகளையெல்லாம் கொன்றுவிட்டார்கள். அதற்கு அவர்கள் பாஷையில் பலி கொடுப்பது என்று பேர். கொன்றோம் என்று எழுத மாட்டார்களாம், கௌரவம். அந்தக் காலை ஊன்றி நின்ற எலியும் போச்சு. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

மார்ச்சில் அவளைக் கமிட்டி முன்னால் நிறுத்தினார்கள். மூன்று பேர், வெளியூர்ப் பேராசிரியர்கள். இவர் வந்து நடித்துக் காட்டினார். அந்தப் பெண் தாளைக் காட்டிக் காட்டிச் சொன்னாளாம், ‘சார், நடுவுல ஒம்பது நாள் மட்டும் வெள்ளை அட்டை எலிக்கும் கட்டி வளரவே இல்ல. அதுக்கு முன்னாடி வளந்துருக்கு, பின்னாடியும் வளந்துருக்கு’ என்று. கமிட்டியில் ஒரு கிழவர், ‘அந்த ஒன்பது நாள் தண்ணீர் வைத்தது யார்?’ என்று கேட்டிருக்கிறார். இவள் இவரைப் பார்த்தாளாம். இவர் மேலே மின்விசிறியைப் பார்த்தாராம். ரெஜிஸ்டரைப் புரட்டினால் ஒன்பது நாளும் அவள் கையெழுத்து. ‘நான்தாங்க சார்’ என்றாளாம். ‘அப்படியானால் நீதான் மாற்றி வைத்திருக்கிறாய், இல்லாவிட்டால் அளவைத் திருத்தியிருக்கிறாய்’ என்று எழுதிவிட்டார்கள். மறுபடி எலி வாங்கக் காசில்லை என்று இவரும் கையை விரித்துவிட்டார். ஹாஸ்டலைக் காலி பண்ணிக்கொண்டு ஊருக்குப் போனாள். போகிறபோது எங்கள் வீட்டுப் பின்கதவில் வந்து நின்று, ‘வரேன் மேடம்’ என்றாள். என்ன இருந்தாலும் மரியாதை தெரிந்த பெண். ‘மாவு அரைச்சுட்டியா’ என்றேன். அரைத்து வைத்திருந்தாள்.

இப்போது என் பங்கைக் கேளுங்கள். ஏப்ரலில் ஒரு நாள் இவர் சாப்பிட்டுக்கொண்டே கே.வி. பதினொன்றை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான் என்று புலம்பினார். எனக்குப் பொறுக்கவில்லை. ‘ஏனுங்க, வேலை செய்யாம என்ன? அந்தக் காலு இழுத்துட்டிருந்த எலி நான் ஊத்தினதுக்கப்புறம் நின்னுச்சே’ என்றேன்.

அவர் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். ‘எந்த எலி?’

‘வெள்ளை அட்டை எலிதான்.’

‘வெள்ளை அட்டைக்கு நீ என்ன ஊத்தின?’

‘எல்லாத்துக்கும் ஒண்ணாத்தான் ஊத்தினேன். பாதி மஞ்சத் தண்ணி, பாதி வெறுந்தண்ணி.’

‘ஒம்பது நாளுமா?’

‘ஒம்பது நாளும்.’

திட்டுவார் என்றுதான் நினைத்தேன். கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போய் அன்றைய பேப்பர் ஓரத்திலேயே ஏதோ எழுத ஆரம்பித்துவிட்டார். குழம்புக் கறையோடு. ‘பாதி அளவு... பாதி அளவே நிறுத்திருக்குடி!’ என்கிறார். முழு அளவு கொடுத்தால் எலிக்கு ஈரல் கெடுகிறது என்று அதற்கு முன்னால் ஒரு தலைவலி இருந்ததாம். பாதி அளவுக்கே கட்டி அடங்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. என் வாளிக்குத் தோன்றியது! கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அவர் என்னை அப்படி நிமிர்ந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

நானே கேட்டேன், என்னைக் குறை சொல்லக் கூடாது பாருங்கள். ‘அந்தப் பொண்ணுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடலாமுங்களா? ஜூன் வரைக்கும் அவளுக்கு நாளிருக்கே’ என்றேன்.

‘சொன்னா ரெஜிஸ்டர்ல ஏன் பொய்க் கையெழுத்துன்னு கேப்பாங்க. அவளுக்குத்தான் சிக்கல்’ என்றார். அவள் நன்மைக்குத்தான் அப்படிச் சொன்னார். காசில்லை என்றாரே, மறுவாரமே புது எலிகள் வந்து இறங்கின. பாதி அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். பிரமாதம். கட்டுரை எழுதி அமெரிக்காவுக்கோ எங்கோ அனுப்பினார். அதில் இரண்டு பேர்தான். முதல் பேர் இவருடையது. இரண்டாவது பேர் துறைத்தலைவருடையது, அவர் எலியையே பார்த்ததில்லை. என் பேர்? நன்றி சொல்கிற இடத்தில்கூட இல்லை. ஏன் என்றால், ‘எப்படிப் போடறது ரேணு, என்னன்னு போடறது?’ என்கிறார். நியாயமா இது? நீங்களே சொல்லுங்கள்.

மே மாசக் கடைசி. நிவேதிதா கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கிறது. பத்திரிகைகள் சோபா முழுக்கக் கிடக்கின்றன, நான் மஞ்சள் தடவிக்கொண்டிருக்கிறேன். வாசலில் மணி. திறந்தால் இளவரசி. பின்கதவால் வருகிறவள், அன்றைக்கு முன்வாசலில் நிற்கிறாள். இன்னும் மெலிந்திருந்தாள். கையில் ஒரு கட்டம் போட்ட தாள், அதில் கோடுகள்.

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தாளை என் முன்னால் பிடித்தாள்.

‘மேடம், இந்தக் கோடு வெள்ளை அட்டை எலி. ஏறிட்டே வருதா? இங்க ஒம்பது நாள் படுத்துருக்கு. அப்புறம் மறுபடி எந்திரிச்சுருக்கு. நீங்க தண்ணி வச்ச ஒம்பது நாள் மேடம்.’

‘அதுக்கு?’

‘நான் கோவப்படல மேடம். நீங்க எதை ஊத்தியிருந்தாலும் பரவால்ல. ஒரு கடுதாசில நடந்ததை எழுதிக் குடுத்தீங்கன்னா போதும். பொய்யாக் கையெழுத்துப் போட்டது என் தப்புன்னு நானும் எழுதிக் குடுத்துடறேன். பல்கலைக்கழகத்துல விசாரிச்சேன். ஆறு மாசம் நீட்டிப்பு குடுப்பாங்களாம். மருந்து வேலை செய்யுது மேடம். இந்தக் கோட்டப் பாத்தாலே தெரியுது. எங்கப்பா கிட்டகூட இன்னும் சொல்லல, முடிஞ்சுடுச்சுன்னு.’

என்னைக் கேட்டவள் அவள் ஒருத்திதான், அதை ஒத்துக்கொள்கிறேன். கமிட்டி கேட்கவில்லை, இவர் கேட்கவில்லை, இவள் வந்து நேருக்கு நேர் கேட்டுவிட்டாள். ஆனால் கேட்கிற விதம் என்று ஒன்று இருக்கிறதில்லையா? தலையைக் குனிந்தே பேசுகிறவள் அன்றைக்கு என் கண்ணையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு தடவைகூட ‘சரிங்க மேடம்’ இல்லை. எனக்கு எப்படி இருக்கும்?

இவர் அறையிலிருந்து வந்து கதவோரம் நின்றார். கண்ணாடியைக் கழற்றி பனியன் நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார். கட்டுரையை அப்போதுதான் அனுப்பியிருந்தார். எதிரே இருநூறு பத்திரிகை. திருப்பூர்க்காரி காதில் விழுந்தால் என்ன சொல்வாள்? ‘சம்பந்தியம்மா எலிக்கூண்டுல வேலை பாத்தாங்களாமா?’ என்று சிரித்துக்கொண்டே கேட்பாள்.

‘எழுதித் தரேன், பேனா குடு’ என்றேன்.

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! சட்டென்று பையிலிருந்து பேனாவும் வெள்ளைத் தாளும் எடுத்துக் கொடுத்தாள், எல்லாம் தயாராகக் கொண்டுவந்திருக்கிறாள். பத்திரிகைகளைத் தள்ளிவிட்டு எழுத உட்கார்ந்தேன். இங்கிலீஷில் மூன்றே வரி. தைப்பூசத்தை ஒட்டிய ஒன்பது நாளில் ஒரு நாள்கூட நான் அனிமல் ஹவுஸுக்குள் போனதில்லை. எலிகளுக்கு நான் தண்ணீர் வைத்ததில்லை. அந்த நாட்களில் இளவரசி தன் வேலையைத் தானே செய்தாள். கீழே கையெழுத்து, தேதி.

படிக்கக் கொடுத்தேன். மூன்று வரியைப் படிக்க எவ்வளவு நேரம்! இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவள் மாதிரி திரும்பத் திரும்ப முதல் வரிக்கே போகிறாள். அப்புறம் இவரைப் பார்த்தாள். ‘சார்’ என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இவர் வந்து அவள் கையிலிருந்து தாளை மெதுவாக வாங்கி, ‘நானே அனுப்பிடறேன்மா, உனக்கு எதுக்கு அலைச்சல்’ என்றார்.

அவள் படியிறங்கிப் போனாள். கேட்டைச் சாத்தக்கூட இல்லை, நான்தான் போய்ச் சாத்தினேன்.

இப்போது எங்கே இருக்கிறாளா? எனக்கு எப்படித் தெரியும்? ஏதாவது மருந்துக் கடையில் நிற்பாள். இல்லாவிட்டால் கல்யாணமாகியிருக்கும். பெண்பிள்ளை எப்படியும் பிழைத்துக்கொள்ளும். ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்? நான் ஒருத்திக்குத் துரோகம் பண்ணிவிட்ட மாதிரி பார்க்கிறீர்களே. கட்டி பிடித்த எலிக்கே இரக்கப்பட்டவள் நான்.

இரும்மா, வருகிறேன், கழுவத்தானே கூப்பிடுகிறாய், ஒரு நிமிஷம். இவர்களுக்கு எப்போதும் அவசரம்.

அந்தத் தாளை இவர் நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தார். பல்கலைக்கழகத்தில் பதிவாளர் இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘உங்க வீட்டம்மா கான்வென்ட்டா சார்?’ என்று கேட்டாராம். இவர் வந்து சொன்னார். எங்கள் சிஸ்டர்கள் பிரம்பால் விரலில் தட்டித் தட்டிப் பழக்கிய எழுத்து அது. நாற்பது வருஷம் கழித்தும் ஓர் எழுத்து சாயவில்லை, ஓர் அடித்தல் இல்லை, ஒரு திருத்தம் இல்லை.